41 வயது, ஐந்து கரு: பிஜிடி-ஏ செய்வதா, வேண்டாமா?

மதுரைமல்லி (புதன், இரவு 9.40)

வணக்கம். ஒரு வருடமாக இங்கே வாசிக்கிறேன், எழுதியதில்லை. இன்று எழுதித்தான் ஆகவேண்டும் என்று ஆகிவிட்டது.

எனக்கு 41, அவருக்கு 44. ஏஎம்எச் (முட்டை இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 1.1. போன வருடம் இயற்கையாகவே தரித்த கரு ஒன்பதாவது வாரத்தில் கலைந்துவிட்டது. அதன் பிறகுதான் ஐவிஎஃப் (சோதனைக்குழாய் முறை) பக்கம் வந்தோம். திங்கட்கிழமை முட்டை எடுத்தார்கள். 9 வந்தது, அதில் 7 முதிர்ந்தது, இக்ஸி (முட்டைக்குள் விந்தணுவை ஊசியால் செலுத்துவது) செய்ததில் 5 கருவாகியிருக்கிறது. நேற்று போனில் இதைச் சொன்ன நர்ஸ், அதே மூச்சில், "மேடம், பிஜிடி பண்றீங்களா இல்லையான்னு வெள்ளிக்கிழமை சாயந்திரத்துக்குள்ள சொல்லிடுங்க, ஃபார்ம்ல கையெழுத்து போடணும்" என்றார்.

பிஜிடி-ஏ என்றால் கருவுக்கு குரோமோசோம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட் என்பது வரை தெரியும். எங்கள் டாக்டரம்மா "உங்க வயசுக்கு செஞ்சிடறது நல்லது" என்கிறார். இரண்டாவது கருத்துக்குப் போன இடத்தில் "அஞ்சே கருவை வெச்சுக்கிட்டு எதுக்கும்மா அதைப் போய் கிள்றீங்க?" என்கிறார்கள். ஒரு கருவுக்கு இருபத்தைந்தாயிரம் சொல்கிறார்கள். சீட்டுப் பணம் எடுத்துத்தான் இந்த சைக்கிளே நடக்கிறது. பணம் கூடப் போகட்டும், எது சரி என்று தெரியவில்லை.

கொங்குத்தமிழன் (புதன், இரவு 10.05)

பயப்படாதீங்க சகோதரி. என் மனைவிக்கு 38-ல் டெஸ்ட் எதுவும் செய்யாமல்தான் இரண்டாவது டிரான்ஸ்ஃபரில் (கருவைக் கருப்பையில் வைப்பதில்) நின்றது. பையன் இப்போது யுகேஜி. எல்லாம் அவன் செயல்.

ஆய்வக அணில் (புதன், இரவு 11.30)

மல்லி அக்கா, நான் சென்னையில் ஒரு கருத்தரிப்பு மையத்தின் லேபில் எம்பிரியாலஜிஸ்ட், அதாவது கருக்களை வளர்த்துக் கவனிக்கும் வேலை. உங்கள் ஃபைலைப் பார்க்காமல் செய் என்றோ செய்யாதே என்றோ சொல்லமாட்டேன். அந்த ஃபார்மில் எதற்குக் கையெழுத்துப் போடுகிறீர்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

பெண்ணின் முட்டைகள் எல்லாம் அவள் தன் அம்மாவின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. உங்கள் முட்டைக்கும் வயது 41தான். குரோமோசோம்களை ஜோடியாகப் பிடித்து வைத்திருக்கும் புரதங்கள் இத்தனை வருடத்தில் தளர்ந்துபோகும். பெட்டியில் மடித்து வைத்த கல்யாணப் பட்டுப்புடவை பார்க்கப் புதிதாகவே இருக்கும், பிரித்தால் மடிப்பில் மட்டும் இற்றுப்போயிருக்கும். அது மாதிரி. கடைசி நேரத்தில் முட்டை பிரியும்போது ஒரு குரோமோசோம் இந்தப் பக்கம் கூடிவிடும், அந்தப் பக்கம் குறைந்துவிடும். நாற்பது வயதில் பரிசோதிக்கப்படும் ஐந்தாம் நாள் கருக்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கும். 42, 43 என்று போனால் நான்கில் மூன்று. இது நீங்கள் சாப்பிட்டதாலோ, வேலைக்குப் போனதாலோ, வண்டி ஓட்டியதாலோ வந்ததில்லை. இதைத் தனியாகச் சொல்லக் காரணம், வருகிறவர்களில் பாதிப் பேர் இதைத்தான் கேட்கிறார்கள்.

டெஸ்ட் எப்படி? ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ கரு பிளாஸ்டோசிஸ்ட் ஆகும். உள்ளே ஒரு சின்னக் கொத்து, அதுதான் குழந்தையாகும். சுற்றி ஒரு வெளியுறை, அது பிறகு நஞ்சுக்கொடி ஆகும். அந்த வெளியுறையில் லேசரால் ஐந்தாறு செல்களைப் பிரித்து எடுப்போம். அதை ஒரு டியூபில் போடுவதுதான் எனக்கு இன்னும் கை நடுங்கும் வேலை. மைக்ராஸ்கோப்பை விட்டுக் கண்ணை எடுத்தால் டியூபில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். பெயர் மாறிவிடக்கூடாது என்று பக்கத்தில் இன்னொருவர் நின்று வாய்விட்டு வாசித்துச் சரிபார்ப்பார். கரு இங்கேயே உறைநிலைக்குப் போய்விடும், டியூப் மட்டும் மரபணு லேபுக்குப் போகும். ரிசல்ட்டுக்கு இரண்டு மூன்று வாரம். எனவே இந்த மாதமே டிரான்ஸ்ஃபர் என்பது கிடையாது.

இப்போது முக்கியமான விஷயம். இந்த டெஸ்ட் எந்தக் கருவையும் ஒரு பொட்டு கூட நல்லதாக்காது. இருப்பதைத் தரம்பிரிக்கும், அவ்வளவுதான். உங்கள் ஐந்தில் நல்லது ஒன்றும் இல்லையென்றால் டெஸ்ட் செய்தாலும் இல்லை, செய்யாவிட்டாலும் இல்லை. ஒன்று இருந்தால், டெஸ்ட் இல்லாமலே ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு போனாலும் அதைச் சந்தித்துவிடுவீர்கள். வித்தியாசம், அதைச் சந்திப்பதற்குள் நடுவில் என்னென்ன படுகிறீர்கள் என்பதில்.

இன்னொன்று. இன்று ஐந்து என்றால் சனிக்கிழமை ஐந்து இருக்காது. பாதியாவது நடுவில் நின்றுவிடும். இரண்டு வந்தால் உங்கள் வயதுக்கு நல்ல எண்ணிக்கை. அதற்கு மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள்.

தஞ்சைத்தேவி (வியாழன், காலை 6.50)

நான் 42-ல் செய்தேன். நான்கு பிளாஸ்டோசிஸ்ட். நான்கையும் அனுப்பினோம்.

ரிசல்ட் போன் வந்தபோது பஸ்ஸில் இருந்தேன், பழைய பேருந்து நிலையத்துக்குள் திரும்புகிற நேரம். "நாலும் அப்நார்மல் மேடம்" என்றார் அந்தப் பெண். நான் என்னவோ "சரிங்க, தேங்க்ஸ்" என்று வைத்துவிட்டேன். கண்டக்டர் இறங்கச் சொன்னது கூடக் காதில் விழவில்லை. வீட்டுக்கு வந்து ரிப்போர்ட்டைத் திறந்தால் ஒவ்வொரு கருவுக்கும் ஒரு வரைபடம், புள்ளி புள்ளியாக நேர்கோடு, நடுவில் ஓர் இடத்தில் மட்டும் படி ஏறுவது போல ஒரு தூக்கல். 15ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதல். 22 குறைவு. இன்னொன்றில் மூன்று இடத்தில் தூக்கல். அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வைத்துப் பார்க்கக்கூட ஒன்றும் இல்லை. கர்ப்பம் என்ற அந்த இரண்டு வார எதிர்பார்ப்புகூடக் கிடைக்கவில்லை. ஒரு வருடம் வரைக்கும் டெஸ்ட் செய்ததற்காக என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது அப்படி இல்லை. அந்த நான்கையும் வைத்திருந்தால் ஒரு வருடம் போயிருக்கும், நடுவில் ஒன்றிரண்டு கலைந்திருக்கும், கடைசியில் இதே இடத்தில்தான் 43 வயதில் நின்றிருப்பேன். தானமுட்டைக்கு மனம் வர எனக்கு எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதத்தை முன்னாடியே தொடங்க முடிந்தது என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். என் மகளுக்கு இப்போது பதினோரு மாதம்.

லண்டன்பொன்னி (வியாழன், மாலை 4.15)

தேவி அக்காவின் பதிவைப் படித்துவிட்டு அரைமணி நேரம் வேலை ஓடவில்லை.

இங்கே பிரிட்டனில் கருத்தரிப்பு மையங்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு எச்எஃப்இஏ. கூடுதல் கட்டணம் வாங்கும் ஒவ்வொரு 'ஆட்-ஆன்' சிகிச்சைக்கும் நிறம் கொடுத்து வைத்திருக்கிறார்கள். பிஜிடி-ஏவுக்கு இரண்டு நிறம்! "குழந்தை பிறக்கும் வாய்ப்பைக் கூட்டுமா?" என்ற கேள்விக்குச் சிவப்பு. "கருச்சிதைவைக் குறைக்குமா?" என்ற கேள்விக்குப் பச்சை. எங்கள் மையத்தின் விளம்பரத் தாளில் பச்சையை மட்டும் பெரிதாகப் போட்டிருந்தார்கள் என்பது வேறு கதை.

ஆய்வுகளை உட்கார்ந்து படித்தேன் (எனக்கு வேறு தொழில், ஆனால் எண்களோடு பழக்கம்). 2007-ல் நெதர்லாந்தில் 35 முதல் 41 வயது வரையிலான 408 பெண்களிடம் பார்த்தார்கள். டெஸ்ட் செய்த குழுவில் 25 சதவீதம் பேருக்குக் கரு தொடர்ந்து வளர்ந்தது, செய்யாத குழுவில் 37. ஆமாம், செய்தவர்களுக்குக் குறைவு! ஆனால் அது பழைய முறை. மூன்றாம் நாள் கருவில் ஒரு செல்லைப் பிடுங்கி எட்டு குரோமோசோம்களை மட்டும் பார்த்தார்கள். அந்த முறையை இப்போது கைவிட்டுவிட்டார்கள்.

மல்லி, உங்கள் வயதுக்கு நெருங்கியது 2018-ல் வந்த ஐரோப்பிய ஆய்வு. 36 முதல் 40 வயது வரை, 396 பெண்கள். அதில் கருவைத் தொடாமல் முட்டையின் துருவ உடலை (முட்டை பிரியும்போது ஒதுக்கித் தள்ளும் சின்ன செல்) சோதித்தார்கள். ஒரு வருடத்துக்குள் குழந்தை பெற்றவர்கள் இரண்டு குழுவிலும் 24 சதவீதம். ஒரு புள்ளி வித்தியாசம் இல்லை. ஆனால் கரு கலைந்தது, டெஸ்ட் செய்தவர்களில் 7 சதவீதம், டெஸ்ட் செய்யாதவர்களில் 14. டிரான்ஸ்ஃபர் எண்ணிக்கையும் குறைவு. அணில் சொன்னதைத்தான் இந்த எண்களும் சொல்கின்றன.

சிவா_ட்ரிச்சி (வியாழன், மாலை 5.02)

இந்த டெஸ்ட்டில் ஆணா பெண்ணா என்றும் தெரியுமாமே? ஏற்கனவே ஒரு பெண் குழந்தை இருக்கிறது, அதனால்தான் கேட்கிறேன். தவறாக நினைக்க வேண்டாம்.

நெறியாளர் (வியாழன், மாலை 5.20)

தவறாகத்தான் நினைக்கிறோம். 1994-ஆம் ஆண்டுச் சட்டம் 2003-ல் திருத்தப்பட்டதிலிருந்து கருவுறும் முன்பும் சரி, பின்பும் சரி, பால் தேர்வு குற்றம். செய்யும் டாக்டருக்கு மட்டும் இல்லை, கேட்டுப் போகிறவருக்கும் மூன்றாண்டு வரை சிறை, ஐம்பதாயிரம் வரை அபராதம் உண்டு. இந்தியாவில் தரும் ரிப்போர்ட்டில் பால் குரோமோசோம் விவரத்தைச் சொல்லமாட்டார்கள். இதற்கு மேல் இந்த இழையில் இந்தப் பேச்சு வேண்டாம்.

யாழினி_வடமராட்சி (வியாழன், இரவு 8.45)

மல்லி அக்கா, நான் பருத்தித்துறை. கொழும்பில்தான் வைத்தியம் செய்தனாங்கள். எனக்கு அப்ப 39. டெஸ்ட் செய்யேல்லை, செய்யலாம் எண்டு ஒருத்தரும் சொல்லவும் இல்லை. இரண்டு தரம் தங்கினது, இரண்டும் அழிஞ்சு போச்சு. இரண்டாவதில் எடுத்ததை அனுப்பிப் பார்க்க 16ஆம் குரோமோசோம் மூன்று. அது ஒருநாளும் பிள்ளையாக வந்திராது எண்டு டொக்டர் சொன்னார். இதயத்துடிப்பைக் காட்டிப்போட்டு நிண்ட கரு அது.

பிள்ளை பிறக்கிற வீதம் ஒண்டுதான் எண்டு சொல்லுறீங்கள், விளங்குது. ஆனால் 14க்கும் 7க்கும் நடுவில நிக்கிற அந்த ஏழு பேரில நானும் ஒராள். எனக்கு அது சின்ன எண் இல்லை.

லண்டன்பொன்னி (வியாழன், இரவு 9.10)

யாழினி, மன்னியுங்கள். சதவீதம் சதவீதமாக எழுதிக்கொண்டே போய்விட்டேன்.

கணக்குவாத்தியார் (வியாழன், இரவு 10.30)

ஓய்வுபெற்ற ஆசிரியன். மகளுக்காக இங்கே வாசிக்கிறேன். ஒரு விஷயத்தில் மட்டும் மூக்கை நுழைக்கிறேன்.

மையங்கள் சொல்லும் வெற்றிக்கணக்கில் வகுக்கும் எண் எது என்று கேளுங்கள். "டெஸ்ட் செய்த கருவை வைத்தால் இத்தனை சதவீதம்" என்பார்கள். அந்தக் கணக்கில் தேவி அம்மா வரவே மாட்டார். அவருக்கு வைக்கக் கரு இல்லை, எனவே டிரான்ஸ்ஃபர் இல்லை, எனவே தோல்வியும் இல்லை! வகுப்பில் மோசமாக எழுதுவான் என்று தெரிந்த பையனை ஹால் டிக்கெட் கொடுக்காமல் நிறுத்திவிட்டு நூறு சதவீதம் தேர்ச்சி என்று பேனர் வைக்கும் பள்ளிக்கூடங்கள் உண்டு. அதே கதைதான்.

2019-ல் வந்த ஒரு பெரிய ஆய்விலும் இதுவே நடந்தது. 661 பெண்கள். டிரான்ஸ்ஃபருக்கு இத்தனை என்று வகுத்தால் 35 முதல் 40 வயதுக்காரர்களில் கர்ப்பம் நிலைத்தது டெஸ்ட் செய்தவர்களுக்கு 51 சதவீதம், செய்யாதவர்களுக்கு 37. பிரமாதம் என்று தோன்றும். ஆய்வில் சேர்ந்த எல்லோரையும் வைத்து வகுத்தால் அந்த வித்தியாசம் காணாமல் போகிறது. முட்டை எடுக்க ஊசி போடத் தொடங்கிய பெண்கள் நூறு பேரில் எத்தனை பேர் குழந்தையோடு வீடு போனார்கள்? அதைக் கேளுங்கள். பதில் வராது, ஆனாலும் கேளுங்கள்.

கொங்குத்தமிழன் (வியாழன், இரவு 10.48)

அப்போ வேண்டாம் என்பதுதானே முடிவு? ஏன் இவ்வளவு சுற்றி வளைக்கிறீர்கள்?

ஆய்வக அணில் (வியாழன், இரவு 11.55)

வாத்தியார் ஐயா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. மகள் கொடுத்துவைத்தவர்.

கொங்கு அண்ணா, 30 வயதுப் பெண்ணுக்கு என்றால் வேண்டாம் என்று நானே சொல்லிவிடுவேன். சீனாவில் 2021-ல் 37 வயதுக்குட்பட்ட 1212 பெண்களிடம் பார்த்தார்கள், குழந்தை பெற்றவர்கள் டெஸ்ட் செய்தவர்களில் 77.2 சதவீதம், சாதாரணமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்களில் 81.8. நல்ல கரு நிறைய இருக்கும் இடத்தில் தரம்பிரிப்பது வீண்வேலை. 41-ல் கதை வேறு, ஏனென்றால் இங்கே காலமும் கணக்கில் வருகிறது.

இரண்டு கரு ஃப்ரீசரில் இருக்கிறது என்று தைரியமாக இருப்பார்கள். ஒன்றை வைப்பார்கள், நிற்காது. இரண்டு மாதம் போகும். இன்னொன்றை வைப்பார்கள், நின்று ஒன்பதாம் வாரம் கலையும். டி அண்ட் சி (கருப்பையைச் சுத்தம் செய்வது), உடம்பு தேற, மனம் தேற, ஆறு மாதம் போகும். திரும்ப முட்டை எடுக்க வரும்போது வயது 42 தாண்டியிருக்கும், 9 வந்த இடத்தில் 4 வரும். இரண்டிலும் ஒன்றும் இல்லை என்று முதலிலேயே தெரிந்திருந்தால் உடனே இன்னொரு முறை எடுத்திருக்கலாம். என்னைக் கேட்டால் இந்த வயதில் டெஸ்ட்டின் உண்மையான பயன் இந்த ஒன்றுதான். இன்னொரு முறை முட்டை எடுக்கப் பணமும் இல்லை, தெம்பும் இல்லை, இதுதான் கடைசி என்பவர்களுக்கு அந்தப் பயனும் பாதியாகிவிடும். அவர்கள் வருகிற கருவை வைத்துப் பார்ப்பதில் எந்தத் தப்பும் இல்லை.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கிள்ளுவதில் கருவுக்கு ஆபத்து கொஞ்சம் உண்டு, நல்ல கையாக இருந்தால் குறைவு. எடுத்த ஐந்து செல் முழுக்கருவையும் அப்படியே காட்டும் என்று உத்தரவாதம் இல்லை. சில செல் சரியாகவும் சில செல் பிசகாகவும் இருந்தால் 'மொசைக்' என்று எழுதி அனுப்புவார்கள். அதையும் முன்பெல்லாம் ஒதுக்கிவிடுவோம். 2015-ல் இத்தாலியில் அப்படிப்பட்ட கருக்களை 18 பெண்களுக்கு வைத்துப் பார்த்தார்கள், ஆறு ஆரோக்கியமான குழந்தைகள் பிறந்தன. அன்றைக்கு எங்கள் லேபில் யாரும் பேசவில்லை. அதற்கு முன் நாங்கள் குப்பையில் போட்டவற்றை எண்ணிக்கொண்டிருந்தோம் என்று நினைக்கிறேன்.

அப்புறம், டெஸ்ட்டில் நார்மல் என்று வந்த கரு நின்றாலும் என்டி ஸ்கேன் (மூன்றாம் மாதத்தில் சிசுவின் கழுத்துப் பின்புறத்தைப் பார்ப்பது), ஐந்தாம் மாத ஸ்கேன் எதையும் விடக்கூடாது.

வேப்பமரம் (வெள்ளி, காலை 7.30)

தானமுட்டை என்றால் இந்த டெஸ்ட் வேண்டுமா? எனக்கு 45.

ஆய்வக அணில் (வெள்ளி, காலை 8.10)

பொதுவாக வேண்டாம் அக்கா. கணக்கில் வருவது முட்டை தருபவரின் வயது. நம் சட்டப்படி தானம் தருபவர் 23 முதல் 35க்குள் இருக்கவேண்டும். உங்களுக்குச் சிகிச்சை பெற 50 வரை சட்டம் அனுமதிக்கிறது. பிபி, சுகர், இதயம் மட்டும் ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மதுரைமல்லி (வெள்ளி, மாலை 6.20)

எல்லோருக்கும் நன்றி. தேவி அக்கா, யாழினி, உங்கள் இருவரின் பதிவையும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் எழுந்து போய் மொட்டைமாடியில் நின்றுவிட்டு வந்தார். வந்து, "உன்னால இன்னொரு தடவை ஊசி போட்டுக்க முடியுமா? அதுக்குப் பதில் சொல்லு, அப்புறம் இதைப் பாப்போம்" என்றார். யோசித்தேன். முடியும். வயிற்றில் நீலம் பாரித்த இடங்கள் இன்னும் ஆறவில்லை, ஆனாலும் முடியும். போன வருடம் மாதிரி ஒன்பதாவது வாரம் இன்னொரு முறை என்றால்தான் முடியாது.

சாயந்திரம் போய்க் கையெழுத்துப் போட்டோம். ஒரே கரு வந்தால் டெஸ்ட் வேண்டாம், அப்படியே உறைய வையுங்கள், இரண்டோ அதற்கு மேலோ வந்தால் அனுப்புங்கள் என்று ஃபார்மின் ஓரத்தில் கையால் எழுதச் சொன்னேன். நர்ஸ் "இப்படியெல்லாம் யாரும் எழுத மாட்டாங்க மேடம்" என்றார். டாக்டரம்மா வாங்கிப் பார்த்துவிட்டு அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மதுரைமல்லி (ஞாயிறு, காலை 11.05)

ஐந்தாம் நாள் ஒன்று. ஆறாம் நாள், இன்று காலை, ஒன்று. மொத்தம் இரண்டு. அனுப்பிவிட்டார்கள். அணில், நீங்கள் சொன்ன அதே எண்.

தஞ்சைத்தேவி (ஞாயிறு, காலை 11.20)

போன் வரும்போது பஸ்ஸில் இருக்காதீங்க. அது மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

மதுரைமல்லி (மூன்று வாரம் கழித்து, செவ்வாய், பிற்பகல் 3.15)

வீட்டில்தான் இருந்தேன் அக்கா. அடுப்பை அணைத்துவிட்டுத்தான் எடுத்தேன்.

ஐந்தாம் நாள் கருவில் 22 கூடுதல். அது போய்விட்டது. ஆறாம் நாள் கரு மொசைக். குறைந்த அளவு என்று போட்டிருக்கிறது, ஒரே ஒரு குரோமோசோமில் ஒரு துண்டு. ஆம், இல்லை என்று ஏதாவது ஒரு பதில் வரும் என்று இருபத்திரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். வந்தது இது.

கணக்குவாத்தியார் ஐயா, இதை எந்தக் கட்டத்தில் போடுவது?

கணக்குவாத்தியார் (செவ்வாய், மாலை 4.00)

தெரியவில்லை அம்மா. மனது கஷ்டமாக இருக்கிறது.

ஆய்வக அணில் (செவ்வாய், இரவு 9.35)

அக்கா, அதைத் தூக்கிப்போட மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். எந்தக் குரோமோசோம், எத்தனை சதவீதம் என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். முதலில் மரபணு ஆலோசகரைப் பாருங்கள், உங்கள் மையத்தில் இல்லையென்றால் வெளியில் கேளுங்கள். போகும்போது முழு ரிப்போர்ட்டையும் வரைபடத்தோடு வாங்கிக்கொண்டு போங்கள், ஒரு பக்கச் சுருக்கம் போதாது. அதை வைப்பதானால் கர்ப்பத்தில் பனிக்குட நீர் பரிசோதனைக்கு (சிசுவைச் சுற்றியுள்ள நீரை எடுத்துக் குரோமோசோம் பார்ப்பது) சம்மதமா என்று கேட்பார்கள். அதற்கும் இருவரும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

மதுரைமல்லி (செவ்வாய், இரவு 10.10)

ஆலோசகரிடம் வெள்ளிக்கிழமை நேரம் கிடைத்திருக்கிறது. டாக்டரம்மா, அது ஃப்ரீசரில் இருக்கட்டும், அதற்குள் இன்னொரு முறை முட்டை எடுத்துவிடலாம் என்கிறார். அடுத்த மாதவிடாயின் இரண்டாம் நாள் ஸ்கேனுக்கு வரச் சொல்லியிருக்கிறார். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

அணில், பனிக்குட நீர் எடுப்பது எத்தனையாவது வாரம்? அவர் இப்போதே பக்கத்தில் நின்று கேட்கிறார்.

ஆய்வக அணில் (செவ்வாய், இரவு 10.14)

பதினைந்து வாரம் முடிந்த பிறகு. இருபதுக்குள் செய்துவிடுவது நல்லது.